மூன்று மணிக்குப் போட்ட சுவிட்ச்

போன மாதம், நான் வேலை பார்த்த கரண்ட் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கூட்டம். லைனில் வேலை செய்யும்போது கரண்டை நிறுத்தவும், திரும்ப விடவும் இனிமேல் போனிலேயே அனுமதி வாங்க வேண்டுமாம். கம்பத்தில் ஏறுகிறவருடைய போனுக்கு ஒரு நம்பர் வரும். வேலை முடிந்து, இறங்கி, அந்த நம்பரை அவர் சொன்னால்தான் கரண்டை விட முடியும். இதையெல்லாம் விளக்கி முடித்த உதவிப் பொறியாளர் அம்மா, என் மகள் வயசுதான் இருக்கும், மைக்கை என் பக்கம் நீட்டினார்.

"ஜவ்வாது மலையில இத்தன வருஷம் வேல பார்த்து, ஒரு விபத்துகூட இல்லாம ரிட்டையர் ஆனவர் நம்ம எத்திராஜ் சார். டவரே இல்லாத காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க? ரெண்டு வார்த்த சொல்லுங்க."

எழுந்து நின்றேன். நாற்பது முகங்கள் என்னையே பார்த்தன. "கவனமா இருக்கணும்" என்றேன். "அவசரப்படக் கூடாது" என்றேன். கை தட்டினார்கள். டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

காகிதத்தில் பார்த்தால் அந்த அம்மா சொன்னது சரிதான். என் கையால் யாரும் சாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னாத்துக்கு இப்படி செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று வீட்டில் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்தில் சொல்லாமல் விழுங்கியது தொண்டையில் நிற்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டப் போவதில்லை. ஹெல்பராகச் சேர்ந்தேன், குழி தோண்டினேன், கம்பம் தூக்கினேன், வயர்மேன் ஆனேன். மலைக்கு மாற்றல் என்றால் மற்றவர்கள் லீவு போடுவார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் முனிரத்தினம் போர்மேன்.

குள்ளமான மனிதர். வலது முழங்கால் எந்நேரமும் வீங்கியிருக்கும். காக்கிச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் திருநீற்றுப் பொட்டலமும் இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. லைனில் வேலை என்றால் முதலில் சுவிட்சைத் திறப்பார். ரோட்டோரக் கம்பத்தில் நீளமான இரும்புக் கைப்பிடியோடு இருக்குமே, அந்தச் சுவிட்ச். திறந்து பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். பிறகு வேலை நடக்கிற இடத்தில் லைனின்மேல் எர்த் ராடு மாட்டச் சொல்வார். தப்பித்தவறி யாராவது கரண்டை விட்டாலும் அது மண்ணுக்குள் போய்விடும், ஆளைக் கொல்லாது.

வேலை முடிந்ததும் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. எல்லாரையும் கம்பத்தடியில் நிறுத்தி, ஒவ்வொருவரையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் தன் வாயால் "கீழ இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூக்குக்கு நேரே நிற்கிறவனும் சொல்ல வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லக் கூடாது. சொன்னபிறகு நோட்டில் ஒரு கோடு போடுவார். எல்லாக் கோடும் விழுந்த பிறகுதான் சுவிட்சுக்கு நடப்பார். எவ்வளவு தூரமானாலும் இதுதான்.

ஒரு தடவை என் முறை வந்தபோது, "எதுருலதான் நிக்கிறேன், கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எத்திராஜ்" என்றார் மறுபடியும். மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகு, வேண்டாவெறுப்பாக "கீழ இருக்கேன்" என்றேன். கோடு போட்டுக்கொண்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவருக்கு வெட்கம் கிடையாது. நேற்று வந்த ஆளிடம்கூட, "எனக்குத் தெரியலப்பா, நீ சொல்லு" என்று கேட்பார். இவரெல்லாம் ஒரு போர்மேனா, சுத்த பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, டீக்கடையில் சொல்லியும் இருக்கிறேன்.

எனக்கு அப்போது மலைமேல் ஒரு பேர் இருந்தது. "எத்திராஜ் சாரு சொன்னா, சொன்ன நேரத்துக்கு கரண்டு வரும்" என்பார்கள். அந்த ஒரு பேச்சைக் கேட்டுக்கேட்டு என் தலை பெருத்துவிட்டது. கோயிலுக்குப் போகாதவன் இல்லை நான். கற்பூரம் ஏற்றுவேன், விழுந்து கும்பிடுவேன். ஆனால் சாமியிடம் எதையும் கேட்டதில்லை, வேலை சொல்லிவிட்டு வருவேன். "பொண்ணுக்கு நல்ல எடமா அமையணும், பாத்துக்க." "ஆடிக்குள்ள மோட்டார் ரெடி ஆயிடணும்." ஹெல்பரிடம் சொல்வதுபோலத்தான் சாமியிடமும். அதில் ஒரு பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். காற்று பேயாக அடித்து மூன்று நாளாக மலையில் கரண்ட் இல்லை. ஆட்களை நாலா பக்கமும் பிரித்து அனுப்பியாகிவிட்டது. போர்மேன் வேறு வேலையாக ஒடுகத்தூர் பக்கம் இறங்கியிருந்தார். மிச்சம் இருந்த ஒரு லைனுக்கு நானும் வெள்ளையனும்.

வெள்ளையன் மலையிலேயே பிறந்த ஆள். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். சாமைக்காடும் நாலு புளியமரமும் சொந்தம். ஆறு வருஷமாக எங்களிடம் ஹெல்பர். மரமோ கம்பமோ, ஏறுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அதிகம் பேச மாட்டான்.

ரோட்டோரம் சுவிட்ச். அங்கிருந்து காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால், ஒரு நாவல் மரத்தின் பெரிய கிளை முறிந்து லைன்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. அதை வெட்டித் தள்ளினால் நாலு ஊருக்கு வெளிச்சம். சுவிட்சைத் திறந்தேன். பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது, பூட்ட முடியவில்லை. மூன்று நாளாக மாவு மிஷின் ஓடாமல் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. எவனாவது வந்து கைப்பிடியை இழுத்துவிடுவான் என்று பயந்து, நான் அங்கேயே காவல் நிற்பதாகவும் அவன் தனியாகப் போவதாகவும் முடிவு செய்தேன். கம்பத்துக்கு ஒருவனைத் தனியாக அனுப்புவதே முதல் தப்பு.

"ராடு எடுத்துக்கட்டுங்களா?" என்றான்.

"அத எவன்டா அவ்ளோ தூரம் தூக்குவான்? சுவிட்சுதான் என் கையில இருக்குதே. கத்தியும் கயிறும் போதும், போ."

அவன் நகரவில்லை. "அது வேடியப்பன் மரங்க. உத்தரவு கேக்காம கை வெக்க முடியாது."

மலையில் இது வழக்கம். மரத்தடியில் நட்ட கல்தான் வேடியப்பன். கல்லின் தலையை நனைத்து, வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக இரண்டு அரளிப் பூவை ஒட்ட வைப்பார்கள். வலது பூ விழுந்தால் சாமி சரி சொல்லிவிட்டார். இடது விழுந்தால் வேண்டாம் என்கிறார். எதுவும் விழாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பூ விழும்வரை வாய் திறக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது.

"ஏன்டா, சாமிக்கு வேற வேல இல்லையா? கெளைய வெட்டறதுக்கு ஒரு உத்தரவா? அதெல்லாம் ஒன்னும் வேணாம். மூணு மணிக்கு நான் கரண்டு வுட்ருவேன். அதுக்குள்ள வெட்டிட்டு எறங்கிடு."

"முடிச்சிட்டு வந்து சொல்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதை நான் காதில் வாங்கவில்லை. மாவு மிஷின்காரர் கூப்பிட்டார், அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவன் போகும்போது மணி பத்தரை. போக ஒரு மணி நேரம், வேலை ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒன்றரைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாயிற்று, இரண்டரையாயிற்று. அந்தப் பக்கம்தான் அவன் மாமியார் வீடு, அங்கே கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருப்பான் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கேழ்வரகு மூட்டையோடு ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். மாவு மிஷின்காரர் தன் வாட்ச்சைப் பார்த்தார்.

"இன்னா எத்திராஜ் சாரு, மூணாய்டுச்சு. ஒங்க கடியாரம் நின்னுபோச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளுக்குள் ஏதோ ஒன்று, வேண்டாம் என்று சொன்னது. சத்தியமாகச் சொன்னது. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியை இழுத்துச் சுவிட்சைப் போட்டேன்.

டம் என்று மேலே பியூஸ் வெடித்தது. நீலமாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

கிளை லைனில் பட்டிருந்தாலும் பியூஸ் போகும். ஆள் பட்டாலும் போகும். சத்தம் ஒன்றுதான்.

கூட்டத்தில் ஒருவர், "போச்சு, இன்னிக்கும் களி இல்ல" என்றார். மற்றவர்களுக்கு அது கரண்ட் சமாச்சாரம். எனக்கு அது வெள்ளையன் உயிர். சுவிட்சைத் திறந்து, கைப்பிடியைக் கயிற்றால் கட்டி, மாவு மிஷின்காரரிடம், "யாரும் இதத் தொடக் கூடாது, நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் காட்டுப் பாதையில் ஓடினேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் பதினாலு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

முதலில் சாமிக்கு வழக்கம்போல வேலை சொன்னேன். "கிளையாத்தான் இருக்கணும். கிளைதான். பாத்துக்க." ஓடஓட அதையே சொன்னேன். பிறகு கோபம் வந்தது. சொன்ன நேரத்துக்கு அவன் ஏன் இறங்கவில்லை? நான் மூணு மணி என்று சொன்னேனா இல்லையா? அதற்கப்புறம் வந்ததை எழுதக் கை கூசுகிறது. மேலதிகாரிக்கு எழுத வேண்டிய அறிக்கையை மனதுக்குள் எழுத ஆரம்பித்தேன். 'மேற்படி உதவியாளர் எனது அனுமதியின்றித் தன்னிச்சையாகக் கம்பத்தில் ஏறியபடியால்...' வாக்கியம் நன்றாகவே அமைந்தது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறவள். அந்தக் குழந்தைகளின் அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், அவன்மேல் பழி போட வாக்கியம் தேடிக்கொண்டு ஓடினேன். நான் அப்படிப்பட்டவன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாதி வழியில் ஓர் ஓடை. பாறை வழுக்கி விழுந்தேன். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

"சாமி, எனக்கு ஒன்னும் தெரியல" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். போர்மேன் சொல்கிற அதே வார்த்தை என்று பிற்பாடுதான் உறைத்தது. "நான்தான் போட்டேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அவன் இருக்கிறானா இல்லையா, அத மட்டும் சொல்லு. எதுவா இருந்தாலும் நான்தான் போட்டேன்னு என் வாயால சொல்றேன்."

சில்வண்டு கத்தியது. தண்ணீர் ஓடியது. ஒரு பல்லிகூடச் சத்தம் கொடுக்கவில்லை. சாமிக்கு நான் எத்தனையோ வேலை சொன்னவன், முதல் தடவையாக ஒன்று கேட்கிறேன், அதற்குப் பதில் இல்லை. எழுந்து நொண்டிக்கொண்டே நடந்தேன்.

மரத்தை நெருங்கும்போதே கருகல் வாடை அடித்தது. "வெள்ளையா!" என்று கத்தினேன். "வெள்ளையா! டேய் வெள்ளையா!" மலை என் சத்தத்தையே திருப்பிக் கொடுத்தது.

கம்பம் தெரிந்தது. கிளை இன்னும் லைன்மேல்தான் கிடந்தது, இலையெல்லாம் கருகி. கம்பத்தடியில் கத்தி, கயிறு, அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. வெள்ளையனின் செருப்பு. கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தது. கம்பம் ஏறுகிறவன்தான் செருப்பைக் கழற்றுவான். மேலே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்தபடி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு மேலே பார்த்தேன். கம்பத்தில் யாரும் இல்லை. கம்பத்தைச் சுற்றிப் பார்த்தேன், கீழேயும் யாரும் விழுந்து கிடக்கவில்லை. மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

வேடியப்பன் கல்லுக்கு எதிரே, வெறுங்காலோடு, கைகூப்பி உட்கார்ந்திருந்தான். கல்லின் தலையில் இரண்டு பூவும் அப்படியே இருந்தன.

தோளைத் தொட்டேன். சூடாக இருந்தது. திரும்பினான். என் முட்டியைப் பார்த்து, பேசாமல் இருக்க வேண்டியதையும் மறந்து, "இன்னாங்க ஆச்சு? எங்க வுழுந்தீங்க?" என்றான். அவன் பக்கத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன்.

"வந்ததுலேந்து பூ வுழவே இல்லீங்க" என்றான். "வெயில் சாயறப்ப மேல டமார்னு ஒரு சத்தம். கெள கருகிப்போச்சு. சாமிக்குக் கோவங்க. என் மேல இன்னாமோ குத்தம் இருக்குது. முந்தாநேத்து வூட்ல பொம்பளய அடிச்சிட்டேன். போன மாசம் தேன் எடுத்தப்ப சாமிக்குன்னு வெக்கல. அதையெல்லாம் சொல்லி மன்னிப்பு கேட்டேன். அப்பயும் வுழல. இன்னும் இன்னா குத்தம்னு தெரியலீங்க."

"மூணு மணின்னு சொன்னேனே" என்றேன்.

"சொன்னீங்க. மணி பாக்கறதுக்குன்னு வெச்சிருக்கற போனு சார்ஜ் இல்லாம செத்து மூணு நாளாச்சு, மணி தெரியல. ஆனா நான் வந்து சொல்லாம நீங்க எப்படி வுடுவீங்க?"

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தேகமே இல்லை. ஆறு வருஷம் முனிரத்தினம் போர்மேனிடம் வேலை பார்த்தவன். 'கீழ இருக்கேன்' என்று கேட்காமல் கரண்டை விடுகிற ஆள் உலகத்தில் இருப்பான் என்றே அவனுக்குத் தெரியாது.

சும்மா இருந்திருக்கலாம். அதுதான் இதில் பயங்கரம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது கடைசிவரை சாமி கோபமாகவே போயிருக்கும். ஓடையில் நான் கொடுத்த வாக்கு எனக்கும் சாமிக்கும் மட்டும்தான் தெரியும். என் குற்றத்தைச் சாமி தலையில் கட்டிவிட்டு, இன்னும் ஒரு வருஷத்தில் லைன் இன்ஸ்பெக்டர் ஆகியிருப்பேன். ஓரிரு நிமிஷம் நான் அப்படி நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் திரும்பவும் கல்லைப் பார்த்துக் கைகூப்பி, "இன்னா குத்தம்னு சொல்லு சாமி" என்று முணுமுணுக்க ஆரம்பித்தான். அதைத் தாங்க முடியவில்லை.

"ஒன் மேல குத்தம் இல்ல, வெள்ளையா. சாமி இல்ல. நான்தான் போட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கம்பத்தைப் பார்த்தான். கருகிய கிளையைப் பார்த்தான்.

"பூ கேக்காம ஏறியிருந்தா..." என்றான். முடிக்கவில்லை.

என்னை அடித்திருந்தால் தேவலை. எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். ஓடை வந்தபோது நின்று, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு பாறையைத் தாண்டினேன்.

இவ்வளவு நேரம் அவன், அவன் என்று எழுதிவிட்டேன். அன்றுவரை நான் அப்படித்தான் நினைத்தேன். இனிமேல் அவர் என்றுதான் எழுத வேண்டும்.

சாயங்காலம் போர்மேன் திரும்பி வந்ததும் ஆபீசில் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "ஒன் கையாலயே எழுதிக் குடுப்பா" என்றார். எழுதினேன். ஓடி வரும்போது தயார் செய்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதை விட்டுவிட்டு, 'மூன்று மணிக்கு நான்தான் சுவிட்சைப் போட்டேன்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மெமோ வந்தது, சம்பள உயர்வு நின்றது, லைன் இன்ஸ்பெக்டர் பதவி தள்ளிப்போனது. அந்தக் காகிதமெல்லாம் இப்போது எந்த மூலையில் மக்கிக் கிடக்கிறதோ. அந்த உதவிப் பொறியாளர் அம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் காலையில் வெள்ளையன் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்து நின்றார். "சாமிகிட்ட கேட்டது பாதியில நிக்குது. முடிக்கணும்" என்றார். போர்மேன் சுவிட்சுக்குப் புதுப்பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு உட்கார்ந்தார். எர்த் ராடை என் தோளில் நான் தூக்கிக்கொண்டேன்.

மரத்தடியில் வெள்ளையன் அரளிப் பூவை என் கையில் கொடுத்தார். "இன்னிக்கு நீங்க கேளுங்க."

எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன். "தெரியாதுன்னு சொல்லியே கேளுங்க" என்றார்.

கல்லை நனைத்துப் பூவை வைத்தேன். இடது பூ முதலில் சரியாக ஒட்டவில்லை. உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. இடது பூ விழுந்துவிடுமோ என்று பயம். எதுவுமே விழாதோ என்று அதைவிடப் பயம். எத்தனையோ மணி நேரம் சுவிட்சடியில் காத்திருந்தவன் நான், இப்படி ஒருநாளும் காத்திருந்ததில்லை. என்ன வேண்டும் என்று எதையும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது என்று தெரியவில்லை, வலது பூ நழுவி விழுந்தது.

நான் வெள்ளையன் முகத்தைப் பார்த்தேன். அவர் பூவைப் பார்க்கவில்லை.

"சுவிட்சு யாருகிட்டங்க இருக்குது?" என்றார்.

"போர்மேன்கிட்ட."

"அப்ப ஏறலாம்."

நான் ஏறினேன். அவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்தார். கிளையை வெட்டித் தள்ளிவிட்டு இறங்கியபோது போர்மேன் எங்கள் எதிரே நின்றார். வீங்கிய முழங்காலோடு ஒரு மணி நேரம் ஏறி வந்திருக்கிறார், எங்கள் வாயால் கேட்பதற்கு. நோட்டை எடுத்தார்.

"வெள்ளையன்."

"கீழ இருக்கேங்க."

"எத்திராஜ்."

சொல்ல முடியவில்லை. அவர் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். அவசரப்படவில்லை. கடைசியில் சொன்னேன். கோடு போட்டுக்கொண்டு, வந்த வழியே நொண்டிக்கொண்டு சுவிட்சுக்கு இறங்கிப் போனார். அவர் காலமாகி ஆறு வருஷமாகிறது.

வேடியப்பன்தான் அன்று வெள்ளையனைக் காப்பாற்றினாரா, அல்லது காய்ந்த பூ கல்லில் ஒட்டிக்கொண்டதா, எனக்குத் தெரியாது. முன்பென்றால் அடித்துச் சொல்லியிருப்பேன். ஓடையில் கேட்டதற்குச் சாமி எப்போது பதில் சொன்னார் என்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இப்போதும் கும்பிடுகிறேன், வேலை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. மலையில் டவர் வந்த நாளிலிருந்து, காற்று பலமாக அடிக்கிற நாட்களில் மூன்று மணி ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வெள்ளையனுக்குப் போன் போடுவேன். அவர் ஹெல்பர் வேலையை எப்போதோ விட்டுவிட்டுச் சாமைக்காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் போடுவேன். எதற்குப் போடுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

நேற்றும் காற்று. மூன்று மணிக்குப் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார். ஹலோ என்று சொல்லவில்லை.

"வெள்ளையன். கீழ இருக்கேங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன்."

அவரிடம் பொன்னாடைக் கதையைச் சொன்னேன்.

"நம்ம சமாச்சாரத்த அங்க சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

"பயமா இருந்துச்சு, வெள்ளையா. அத்தன பேரு பாத்துக்கினு இருந்தாங்க."

அன்று சுவிட்சைப் போட்டதும் அத்தனை பேர் பார்த்ததால்தான் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"அடுத்த கூட்டம் எப்பங்க?"

"அடுத்த மாசம்."

"நானும் வர்றேன். நீங்க எழுந்து நின்னு சொல்லுங்க. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே போய், சோறு போடச் சொன்னேன்.